பங்குனியில் இட்டேரி நடை

பங்குனி பிறந்துவிட்டால் திருப்பூரில் எனக்கு இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை ராத்திரியே கிளம்பி, காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கும் அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) ஊருக்குப் போய்விடுவேன். மறுநாள் காலையில் இட்டேரியில் ஒரு நடை நடக்கத்தான்.

இட்டேரி என்பது இரண்டு காடுகளின் வேலிக்கு நடுவே போகிற வண்டித்தடம். எங்கள் பக்கம் காடு என்றால் நிலம். பல இடங்களில் தார் ரோடாகிவிட்டது, சில இடங்களில் உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். அதனால் முதலில் ஊர் டீக்கடையில், "பழைய இட்டேரி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே நாய் இருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

காலை 6 மணிக்கே இறங்கிவிட வேண்டும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். போன வருஷம் ரப்பர் செருப்போடு போய், சீமைக்கருவேல முள் அடியைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. முள்வாங்கியால் எடுத்த பிறகும் 4 நாள் நொண்டினேன். கையில் ஒரு குச்சி இருக்கட்டும். தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு விலகிப் போகும். வேலிக்குள் மட்டும் கையை விடாதீர்கள், விரியன் அங்கேதான் படுத்திருக்கும்.

இந்த மாசத்தில் தரையைப் பார்த்தால் மனசு சோர்ந்துவிடும். கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும், கிளுவை வேலி இலையில்லாமல் வெறும் குச்சியாக நிற்கும். தலையைத் தூக்குங்கள். புங்கமரம் எண்ணெய் தேய்த்தது மாதிரி மினுமினுக்கும் புதுத்தளிரோடு நிற்கும். வேம்பு பூத்திருக்கும். காற்று திரும்பும்போது அந்த வாசம் சட்டென்று வந்து முகத்தில் படும். அங்கேயே நின்றுவிடுங்கள். இட்டேரியில் தூரம் கணக்கில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனால்தான் அது சரியான நடை.

மொட்டைப்பனை கண்ணில் பட்டால் உட்கார்ந்தே பாருங்கள். பனங்காடை என்கிற பறவை அதன் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாக, மண் நிறமாகத் தெரியும். மேலே ஏறி, கரகரவென்று கத்திக்கொண்டு அப்படியே புரண்டு கீழே பாயும். அப்போது இறக்கையில் விரியும் நீலம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் வருஷா வருஷம் போகிறேன்.

கொறங்காட்டுக்குள் இறங்க ஆசையாக இருந்தால் காட்டுக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வழியை அடைக்கும் படலைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். உள்ளே காங்கயம் மாடு மேயும், படல் திறந்து கிடந்தால் அடுத்தவர் வெள்ளாமைக்குள் போய்விடும். அப்புறம் அதைத் தேடி நாள் முழுக்க அலைய வேண்டியது அந்த வீட்டுக்காரர்தான். கன்றுக்குட்டியோடு நிற்கும் மாட்டின் பக்கம் போகாதீர்கள். எதிரில் ஆடு ஓட்டி வரும் அம்மணியிடம் நீங்களே முந்திக்கொண்டு, "இன்னார் வீட்டுக்கு வந்திருக்கோமுங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்நிய ஆள் நடமாடினால் அவர்களுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்?

வழியில் பனையேறி யாராவது தெளுவு, அதாவது பதநீர், இறக்கிக்கொண்டிருந்தால் விடாதீர்கள். வெயில் படுவதற்கு முன்னால், பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டும். முட்டிக் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் ருசி லேசாக நாக்கில் நிற்கும்.

திரும்பும்போது நான் ஒரு வேலை வைத்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரியே வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டு வந்து படுப்பேன். காலையில் நடந்து வந்து பார்த்தால் பூ உதிர்ந்து வெள்ளையாகக் கிடக்கும். அம்மிச்சி அதை முறத்தில் புடைத்து, குச்சியெல்லாம் பொறுக்கிவிட்டுக் காயப்போடுவார். மொறுமொறுவென்று காய்ந்ததும் ஒரு டப்பா நிறைய எனக்குக் கட்டிக்கொடுப்பார். ரசத்துக்கு ஆடி வரைக்கும் வரும்.