ஜகார்த்தா கம்போங்கில் இருநாட்டு மாணவர் ஆய்வு: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவர் குழு, இந்தோனேசியாவிலிருந்து ஒரு குழு. ஆய்வுக்களம் சிலிவுங் ஆற்றங்கரையில் நெருக்கமாக வீடுகள் அமைந்த ஒரு கம்போங், அதாவது நகருக்குள் இருக்கும் எளிய மக்கள் குடியிருப்பு. வீடுகளையும் சந்துகளையும் அளந்து, மக்களைப் பேட்டி கண்டு, வெள்ளம் எங்கே எவ்வளவு வந்தது என்று வரைபடத்தில் காட்டுவதே வேலை. இத்தகைய பட்டறைகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று நாளிலேயே விளைந்துவிடுகின்றன. எல்லாருடைய தரவையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் அவை தெரியவருகின்றன.

கடிதம் இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் கடிதம் முதலில் கெலுராஹான் எனும் நகர வட்டார நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டும், பிறகு ஆர்.டபிள்யூ. தலைவருக்கு, அதன்பின் ஆர்.டி. தலைவருக்கு. ஆர்.டி. என்பது சில பத்து வீடுகள் சேர்ந்த அக்கம்பக்க அமைப்பு; பல ஆர்.டி.கள் சேர்ந்தது ஆர்.டபிள்யூ. ஆர்.டி. தலைவருக்குத் தெரியாமல் வீட்டை அளந்தால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. விசாவும் அப்படித்தான். சுற்றுலா விசாவில் ஆய்வு செய்ய முடியாது. எந்த வகை விசா வேண்டும் என்பதை, பயணத்துக்கு முன்பே அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தோனேசிய மாணவர்கள் பேட்டி எடுப்பது, ஜெர்மானியர்கள் வரைபடம் போடுவது என்று வேலையைப் பிரிப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் உள்ளூர் மாணவர்கள் வெறும் மொழிபெயர்ப்பாளர்களாகிவிடுவார்கள். வரைபடம் போட்டவர்களுக்கோ அந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதே தெரியாது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவராக இணை சேர்த்து, ஒவ்வொரு இணையும் பேட்டி, அளவு இரண்டையும் செய்யட்டும். பகல் நேரத்திலேயே எல்லாப் பேட்டியையும் முடித்தால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டுவிடுவார்கள். மாலைத் தொழுகைக்குப் பிறகும் ஒரு சுற்று வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பேட்டி வைக்காதீர்கள்.

கைபேசி ஜிபிஎஸ்ஸை நம்பி வீடுகளைக் குறிப்பது அடுத்த தவறு. திறந்தவெளியிலேயே அது சுமார் 5 மீட்டர் பிசகும். கம்போங் சந்தின் அகலமோ பல இடங்களில் 1.5 மீட்டர்கூட இருக்காது. அதனால் புள்ளி எதிர்வீட்டில் போய் விழும். 1:500 அளவில் ஏ3 தாளில் வரைபடத்தை அச்சிட்டால் ஒரு தாளில் சுமார் 210 × 148 மீட்டர் பரப்பு அடங்கும். அதில் பென்சிலால் குறித்து, சந்தின் அகலத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். கணினியில் ஏற்றும்போது எல்லாரும் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) 48 தெற்கு மண்டலத்தையே பயன்படுத்த வேண்டும். ஒருவர் 48 வடக்கு என்று கொடுத்துவிட்டால் அவருடைய வீடுகள் ஆர்க்டிக் பெருங்கடலில் போய் நிற்கும்.

வெள்ள உயரத்தில்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். "தண்ணீர் எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்றுதான் பதில் வரும். அதை அப்படியே சென்டிமீட்டராக மாற்றி எழுதக்கூடாது. எந்த வெள்ளம் என்று முதலில் கேளுங்கள்: 2013 ஜனவரியா, 2020 புத்தாண்டு நாளா? எங்கே நின்றபோது முழங்கால், வீட்டுக்குள்ளா சந்திலா? வெள்ளம் வந்துபோனபின் தரையை உயர்த்திக் கட்டுவது அங்கே வழக்கம். ஆகவே 2013-இல் முழங்கால், 2020-இல் கணுக்கால் என்றால் தண்ணீர் குறைந்தது என்று பொருளல்ல, தரை உயர்ந்திருக்கலாம். சுவரில் கறை இருந்தால் சந்து மட்டத்திலிருந்து கறை வரை, சந்து மட்டத்திலிருந்து தரை வரை என இரண்டு அளவு எடுங்கள். தரை எந்த ஆண்டு உயர்த்தப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வடக்கு ஜகார்த்தாவில் கடல் ஓதத்தால் வரும் வெள்ளம் வேறு கதை. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நிலமே அங்கே தாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆற்று வெள்ளத்தையும் கடல் வெள்ளத்தையும் அட்டவணையின் ஒரே பத்தியில் நிரப்பினால் முடிவு தவறாகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, யாரிடம் நிலப்பத்திரம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை வீடு வீடாக வண்ணம் தீட்டிக் காட்டுவது. இதே ஆற்றங்கரையில் கம்போங் புலோ மக்களை 2015 ஆகஸ்டில் வெளியேற்றினார்கள்; 2016-இல் புக்கிட் துரி. அப்படி ஒரு வரைபடம் இணையத்தில் ஏறினால் வீட்டை இடிக்க வருபவர்களுக்குப் பட்டியல் தயாராகிவிடும். பத்திர நிலையைத் தெரு அளவில் தொகுத்து மட்டும் காட்டுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். வீட்டின் முகப்புப் படங்களை வெளியிடும் முன் கைபேசி அவற்றில் பதித்த இடக்குறிப்பை நீக்குங்கள். இறுதி வரைபடத்தை இந்தோனேசிய மொழியில் அச்சிட்டு, வெளியிடுவதற்கு முன் ஆர்.டி. கூட்டத்தில் வைத்து, எதை நீக்க வேண்டும் என்று மக்களிடமே கேளுங்கள்.