கொரோனாவுக்கு அப்புறம் வாசனை திரும்பி வந்தது – என் அனுபவம்

2021 மே மாசம் கொரோனா, காய்ச்சல் அஞ்சு நாள்ல போயிடுச்சு ஆனா வாசனை மட்டும் வரவே இல்ல, அடுப்புல பால் தீஞ்சது கூட தெரியல, ரொம்ப பயந்துட்டேன். இஎன்டி டாக்டர்தான் புரிய வச்சாங்க, வைரஸ் பெரும்பாலும் வாசனை நரம்பை நேரா தாக்குறதில்லயாம், அதுக்குத் துணையா இருக்குற செல்லுங்களைத்தான் தாக்குது, அதுல வர்ற அழற்சியில நரம்பும் செயலிழந்து போகுது, ஆனா அந்த நரம்பு செல் திரும்ப வளரும்னு.

ஸ்மெல் ட்ரெய்னிங் பண்ணச் சொன்னாங்க. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் தைலம், ஒவ்வொண்ணும் 20 செகண்ட், காலையும் ராத்திரியும், அந்த வாசனைய மனசுல நினைச்சுக்கிட்டே மோந்து பாக்கணும். முதல் மாசம் ஒண்ணுமே தெரியாது, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ஏழாவது வாரம் கிராம்பு லேசா வந்துச்சு, நடுவுல காபி ரப்பர் எரியுற மாதிரி நாறுச்சு, நரம்பு வளரும்போது அப்படி ஆகுமாம். நாலாவது மாசம் மல்லிப்பூ வாசம் வந்தப்ப அழுதுட்டேன். பெருங்காயம் மட்டும் இன்னும் சரியா தெரியல.