மாடர்ன் காமிக்ஸ் வாங்கி காசு பாக்கறது எப்படி: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

காமிக்ஸ்ல இன்வெஸ்ட் பண்றதுன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் 1938ல வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழுக்குத்தான் போவாங்க, சூப்பர்மேன் அறிமுகமான புக்கு, 2024ல ஒரு காப்பி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அத விடுங்க, அது நம்ம பட்ஜெட்டே இல்ல. இங்க சொல்லப் போறது அமெரிக்காவுல 80கள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் வர்ற மாடர்ன் காமிக்ஸ், புதுசுல 4, 5 டாலருக்கு கடையில கிடைக்கறது. இதுல காசு இருக்கு, ஆனா ரொம்ப கொஞ்சம் புக்குலதான் இருக்கு.

1. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு புக்கோட கதைய தெரிஞ்சுக்கங்க

சூப்பர்மேன் 75, 1992 நவம்பர். சூப்பர்மேன் செத்துப் போற இதழ். கருப்பு பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, துக்கத்துக்கு கையில கட்டிக்க கருப்புப் பட்டையெல்லாம் வச்சு வித்தாங்க. கடை வாசல்ல கியூ, ஆளுக்கு அஞ்சு பத்துன்னு வாங்கி உறைய கூட பிரிக்காம பத்திரப்படுத்தினாங்க, பசங்க காலேஜ் ஃபீஸ் இதுல வந்துரும்னு. பத்திரப்படுத்தினது லட்சக்கணக்கான பேரு, அதனால இன்னிக்கும் அது சல்லிசாவே கிடைக்குது. அதுக்கு முந்தின வருஷம் வந்த எக்ஸ்மென் முதல் இதழ் 80 லட்சம் காப்பிக்கு மேல, அஞ்சு வேற வேற கவரோட, அதாவது அட்டைப் படத்தோட. அதுவும் அதே கதிதான். வாங்கி வச்சா காசாகும்னு ஊதிப் பெருசாக்கின அந்த பபுள் உடைஞ்சு 1996 கடைசியில மார்வெல் கம்பெனியே திவால் நோட்டீஸ் குடுத்துச்சு.

இப்ப இந்தப் பக்கம் பாருங்க. 2003 அக்டோபர், இமேஜ் காமிக்ஸ், தி வாக்கிங் டெட் முதல் இதழ். கருப்பு வெள்ளை, ஸோம்பி கதை, அச்சடிச்சதே ஏழாயிரத்து சொச்சம் காப்பிதான். படிச்சவங்க படிச்சுட்டு போட்டுட்டாங்க. 2010ல டிவி சீரியல் வந்து ஹிட்டானதும் எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க, நல்ல காப்பி இன்னிக்கு ஆயிரக்கணக்கான டாலர். கலெக்டர்ஸ் எடிஷன்னு அட்டையிலயே போட்டு வந்தா எனக்கு உடனே சந்தேகம்தான் வரும். (நம்ம 70கள் முத்து காமிக்ஸ் நல்ல கண்டிஷன்ல சிக்க மாட்டேங்குதே, அதுவும் இதே காரணம்தான், பாதி வீட்ல அது எடைக்கு போயிருச்சு.)

2. எத தேடணும்

கீ இஷ்யூ. பெரும்பாலும் ஒரு கேரக்டர் முதல்முதலா வர்ற இதழ். நியூ மியூட்டன்ட்ஸ் 98ல டெட்பூல், 1991. பேட்மேன் அட்வெஞ்சர்ஸ் 12ல ஹார்லி க்வின், 1993, அவ டிவி கார்ட்டூன்ல வந்துட்டு அப்புறமா காமிக்ஸுக்கு வந்தவ. அல்டிமேட் ஃபால்அவுட் 4ல மைல்ஸ் மொரால்ஸ்ங்கற இன்னொரு ஸ்பைடர்மேன், 2011. இந்த மாதிரி புக்குக்கு எப்பவும் ஆள் இருக்கு. புதுசா வர்ற ஒவ்வொரு நம்பர் ஒன் இதழையும் அள்ளாதீங்க.

3. பார்கோட படிக்க கத்துக்கங்க

பாதி பேரு இத சொல்லித் தர்றதே இல்ல. புக்க கையில எடுத்து பெரிய பார்கோடுக்கு வலது பக்கம் சின்னதா அஞ்சு நம்பர் இருக்கும் பாருங்க. முதல் மூணு இதழ் நம்பர், நாலாவது எந்த கவர்னு சொல்லும், அஞ்சாவது எத்தனாவது அச்சுன்னு சொல்லும். 00111ன்னா முதல் இதழ், முதல் கவர், முதல் அச்சு. 00121ன்னா ரெண்டாவது கவர். 00112ன்னா செகண்ட் பிரிண்ட், அத ஃபர்ஸ்ட் பிரிண்ட் விலைக்கு யாராவது நீட்டினா வாங்காம வந்துருங்க. ஆனா செகண்ட் பிரிண்ட்னாலே குப்பைன்னும் கிடையாது, சில சமயம் அதுதான் கம்மியா அச்சாகும், கேப்டன் மார்வெல் 17 செகண்ட் பிரிண்ட்ல அட்டையிலயே கமலா கான் (பின்னாடி மிஸ் மார்வெல் ஆனவ) இருக்கறதால ஃபர்ஸ்ட் பிரிண்ட்ட விட அதத்தான் தேடுறாங்க.

4. விலை பாக்கறது

ஈபேல ஒருத்தர் 400 டாலர்னு போட்டிருந்தா அது அவரோட ஆசை, விலை இல்ல. சோல்டு ஐட்டம்ஸ் ஃபில்டர தட்டுங்க, நிஜமா வித்தது மட்டும் வரும். அதுலயும் கோடு அடிச்ச விலை இருந்தா பேரம் பேசி அதுக்கும் கம்மியா முடிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரே ஒரு விற்பனைய பாத்து முடிவு பண்ணாதீங்க, கடைசி ஏழெட்டு பாருங்க. 2021 விலைய யாராவது காட்டினா நம்பாதீங்க, கொரோனா டைம்ல ஏறின விலை அடுத்த ரெண்டு வருஷத்துல நிறைய புக்குக்கு இறங்கிருச்சு.

5. கண்டிஷனும் கிரேடிங் கணக்கும்

சிஜிசின்னு ஒரு கம்பெனி, புக்க அனுப்பினா 10க்கு மார்க் போட்டு கெட்டியான பிளாஸ்டிக் கேஸ்ல சீல் பண்ணி திருப்பி அனுப்பும், இத ஸ்லாப்னு சொல்லுவாங்க. மாடர்ன் புக்குக்கு 9.8தான் எல்லாரும் கேக்கறது, 9.6 வந்தாலே நிறைய புக்குக்கு விலை பாதியாகிரும். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி லைட்டுக்கு கீழ புக்க சாய்ச்சு முதுகுப் பக்கம் பின்னடிச்ச எடத்த பாருங்க, முடி மாதிரி வெள்ளக் கோடு தெரிஞ்சா அது ஸ்பைன் டிக், கலர் உரிஞ்சிருச்சுன்னா பிரஸ்ஸிங் (சூடு குடுத்து அழுத்தி மடிப்ப சமப்படுத்தறது) பண்ணாலும் போகாது. நாலு முனையும் கூரா இருக்கணும். பின் அட்டைய மறக்காதீங்க, அங்கதான் விரல் தடம் இருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. புக்கு 5 டாலர், கிரேடிங் 30 டாலர் கிட்ட, போக வர ஷிப்பிங் 15ன்னு வைங்க, மொத்தம் 50. 9.8 வந்து 70க்கு வித்தா ஈபே 13 சதவீதம் கிட்ட எடுத்துக்கும், கையில 61. மாசக்கணக்குல காத்திருந்து 11 டாலர், அதுவும் 9.8 வந்தாதான். அதனால 9.8ல 150க்கு மேல போற புக்கா இருந்தா மட்டும் அனுப்புங்க, மத்தத அப்படியே வித்துருங்க.

6. வைக்கறது

புக்குக்கு பின்னாடி வைக்க ஆசிட் ஃப்ரீ அட்டை, மைலார்ங்கற கெட்டியான பிளாஸ்டிக்ல செஞ்ச உறை, நிமிர்த்தி பெட்டியில, வெயில் படாத எடத்துல. சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊர்ல இருந்தா ஈரப்பதம்தான் முதல் எதிரி, சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு அப்பப்ப மாத்துங்க, பெட்டிய தரையில வைக்காதீங்க. கடையில குடுக்கற சாதா பிளாஸ்டிக் கவரும் ஓகேதான், சில வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்.

7. விக்கறது

உங்க புக்குல இருக்கற கேரக்டரோட படம் வருதுன்னா, அது ரிலீஸ் ஆகற வரைக்கும் காத்திருக்காதீங்க. அறிவிப்பு, டிரெய்லர் வர்ற நேரத்துலதான் பல புக்குக்கு விலை உச்சத்துல இருக்கும், படம் வந்ததும் வச்சிருக்கறவன் எல்லாம் ஒண்ணா விக்க வருவான். அனுப்பும்போது புக்குக்கு ரெண்டு பக்கமும் அதவிட பெரிய அட்டை வச்சு ஆடாம டேப் போடுங்க, டேப் கவர்ல ஒட்டாம பாத்துக்கங்க, பிரிக்கும்போது முனை மடங்கிரும். வாங்கின பில்ல எல்லாம் எடுத்து வைங்க, அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு இது கலெக்டிபிள் கணக்குல வரும், ஒரு வருஷத்துக்கு மேல வச்சு வித்த லாபத்துக்கும் வரி 28 சதவீதம் வரைக்கும் போகலாம், ஷேருக்கு இருக்கற குறைஞ்ச ரேட் இதுக்கு கிடையாது.