டூர் போகும்போது படம் எடுப்பதில் செய்யக்கூடாத தப்புகள்

2010-ல் சென்னை வியாசர்பாடியிலிருந்து வீட்டோடு ராமேஸ்வரம் போனோம். ஆயா, அம்மா, மாமா குடும்பம் என்று பதினொரு பேர். கையிலிருந்த சின்ன டிஜிட்டல் கேமராவில் ஐம்பது படமாவது எடுத்திருப்பேன், அதில் முக்கால்வாசி ஒரே மாதிரி: கோபுரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறோம். இன்றைக்கு வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்ப்பது ஒரே ஒரு படத்தைத்தான். ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகிறது, ஆயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்க்கிறார், மடியில் பாதி பிரித்த புளிசாதப் பொட்டலம். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. ஆயாவும் இப்போது இல்லை.

கோபுரத்தின் படம் வேண்டுமென்றால் ஆயிரம் பேர் எடுத்தது கிடைக்கும். நம் ஆயா சாப்பிட்டதை நாம்தான் எடுக்க முடியும். அதனால் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் அதோடு கேமராவை உள்ளே வைத்துவிடாதீர்கள். பெர்த்தில் தூங்குகிற பிள்ளைகள், லாட்ஜ் ரூம் கொடியில் காயும் துணி, சில்லறையை எண்ணும் மாமா, இதையெல்லாம் 'சும்மா இருக்கும்போது என்ன படம்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கம் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது. காலையில் ஆளின் முதுகுக்குப் பின்னால் கடல் இருக்கும்படி எடுத்தால் முகமெல்லாம் கருத்துப் போகும், காசிமேட்டிலும் சரி, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் சரி. ஆளைக் கொஞ்சம் திருப்பி, வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். போன் என்றால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சாயங்காலம் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம், ஜூம் பண்ணாதீர்கள், இரண்டு அடி நடந்து கிட்டே போங்கள்.

கிட்டே போகலாம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஏலக் கூச்சலுக்கு நடுவில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா முகத்துக்கு நேராக, ஒரு வார்த்தை கேட்காமல், லென்ஸை நீட்டுவார்கள். அந்த அக்கா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எனக்கே உடம்பு கூசும். நாம் வேறு ஊருக்குப் போகும்போது அங்கே இருப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு நடப்பதில்தான் பாதி நினைவு தொலைகிறது. எங்கள் வீட்டில் பழைய திருப்பதி படம் ஒன்று இருக்கிறது, ஏழு பேரும் மொட்டை, சந்தனம் பூசிய தலையோடு நிற்கிறார்கள். அதில் மூன்று பேர் யாரென்று சொல்ல இப்போது ஆளே இல்லை. தெரிந்த ஆள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் அச்சு விழும், மையும் ஊறும். போனில் இருக்கும் படத்துக்கும் பெயர், ஊர் போட்டு வைக்க இடம் இருக்கிறது.

குடும்ப குரூப்பில் வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று, அது போதும் என்று மூலப் படத்தை அழித்துவிடுகிறார்கள். அங்கே போகிற படம் சுருங்கித்தான் போகும், எடுத்த தேதியும் இடமும் அதோடு ஒட்டிக்கொண்டு போகாது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் போட்டோஸில் 2021 ஜூனிலிருந்து எல்லாப் படமும் அந்த இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது, நிறைந்தபின் புதிதாக எதுவும் ஏறாது, நாம் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். எனவே ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, அதை வேறு ஏரியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வேறு ஏரியா என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பம் நனைந்துவிட்டது. காய்ந்த பிறகு பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கிடந்த படங்களைப் பிய்த்தேன். அம்மாவின் கல்யாணப் படத்தில் முகம் தாளோடு போய்விட்டது. காய விட்டிருக்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்பியிருந்தால் பலது பிழைத்திருக்கும். ஒட்டிக்கொண்டவற்றைக்கூடச் சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் சில கழன்று வந்திருக்கும். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குடியிருப்பையும் புதிதாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். ஒவ்வொரு பயணமும் அந்த வாசலில்தான் தொடங்கியது, ஒரு படத்தில்கூட அந்தக் கதவு இல்லை. இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும்போது முதல் படம் அம்மா பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதுதான்.