கிக்கர் காந்த வடிவமைப்பில் சறுக்கும் இடங்கள்

துகள் முடுக்கியில் ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்குத் துகள் கற்றையை மாற்ற இரண்டு வகைக் காந்தங்கள் சேர்ந்து உழைக்கின்றன. கிக்கர் காந்தத்தின் புலம் சட்டென்று எழுந்து கற்றையைக் கொஞ்சம் தள்ளிவிடும். தள்ளப்பட்ட கற்றை செப்டம் காந்தத்தின் மெல்லிய தகட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும். பெரிய வளைவு அங்கேதான் கிடைக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, காந்தப்புலம் எத்தனை டெஸ்லா (புல வலிமையின் அலகு) வேண்டும் என்று. கிக்கரைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, புலம் எழ எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. செர்ன் ஆய்வகத்தின் மாபெரும் முடுக்கி வளையமான எல்எச்சியில் கற்றையை ஏற்றும் கிக்கருக்குக் கிடைப்பது சுமார் 0.9 மைக்ரோவினாடி. அதற்குள் எழாவிட்டால் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் துகள்களும் அடி வாங்கும். வலிமை போதவில்லை என்று சுருளில் சுற்றைக் கூட்டினால் காரியம் கெட்டது: ஒரு சுற்று இரண்டானால் மின்தூண்டல் நான்கு மடங்கு, புலம் எழுவது மெதுவாகும். ஒரே சுற்றில் நிறைய மின்னோட்டத்தை விட்டு, நீளத்தைப் பல காந்தங்களாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. எல்எச்சியில் ஒவ்வொரு ஏற்றுமிடத்திலும் 4 கிக்கர்கள் வரிசையாக நிற்கின்றன.

சரி, காந்தம் சோதனை மேசையில் அருமையாக வேலை செய்கிறது. அப்புறம் வளையத்தில் வைத்தால் சூடாகிறது. ஏன்? கிக்கர் துடிப்பது எப்போதாவதுதான்; கற்றையோ மணிக்கணக்கில் அதன் ஊடே ஓடுகிறது. ஓடும்போது தன் ஆற்றலில் ஒரு பங்கைக் காந்தத்தின் உள்ளகப் பொருளான ஃபெரைட்டில் வெப்பமாக விட்டுச் செல்கிறது. கியூரி வெப்பநிலையை நெருங்கினால் ஃபெரைட் காந்தத்தன்மையை இழக்கும், தள்ளும் விசை குறையும். இதைத் தடுக்க எல்எச்சி கிக்கர்களில் கற்றை ஓடும் பீங்கான் குழாய்க்குள் கடத்திக் கம்பிகளைத் திரையாக வைத்தார்கள். 24 கம்பிகளுக்கு இடம் இருந்தது. மின்பொறி பறந்ததால் 15 மட்டுமே வைக்க முடிந்தது. விளைவு, 2012-இல் ஒரு கிக்கர் ஆறும்வரை கற்றை ஏற்றாமல் காத்திருக்க நேர்ந்தது. பிறகு கம்பி முனைகளின் வடிவத்தை மாற்றி 24-ஐயும் பொருத்தினார்கள். வெப்பத்தை ஒருவர், மின்பொறியை இன்னொருவர் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

செப்டத்தில் தகட்டை மெலிதாக்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் மெலிய மெலிய மின்னோட்ட அடர்த்தி ஏறும், குளிர்விக்கத் தண்ணீர் ஓட இடம் இருக்காது. கசியும் புலமும் சுற்றும் கற்றையைத் தொந்தரவு செய்யும்.

பழுதானால் என்ன ஆகும் என்பதைக் கடைசிக்கு ஒத்திப்போடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. 2004 அக்டோபர் 25 அன்று எல்எச்சிக்குக் கற்றை தரும் செர்னின் எஸ்பிஎஸ் வளையத்திலிருந்து 450 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் கற்றையை வெளியே எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். செப்டத்தின் மின்வழங்கி அணைந்தது. மின்னோட்டம் சரியத் தொடங்கியது. கண்காணிப்பு அதைப் பிடிப்பதற்குள் கற்றை கிளம்பிவிட்டது. 3.4×10¹³ புரோட்டான்கள் தவறான பாதையில் போய், வழியிலிருந்த ஒரு காந்தத்தின் வெற்றிடக் குழாயை சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்தன. காந்தம் சரியாகத்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. மின்னோட்டம் இம்மி அசைந்தாலும் மில்லிவினாடிக்குள் கண்டுபிடித்துக் கற்றையைத் தடுக்கும் கருவிகள் அதற்குப் பிறகே அங்கே வந்தன.