கோலாலம்பூர் மாநகர் மன்ற நிகழ்ச்சிகள்: போவது இலவசம், கடை போடுவது வேறு கதை

கோலாலம்பூர் மாநகர் மன்றத்தை இங்கே பலரும் டிபிகேஎல் என்றுதான் சொல்வார்கள். சாலை, பூங்கா, கடை உரிமம் என்று நம் ஊர் மாநகராட்சி பார்க்கும் வேலையெல்லாம் இவர்கள் கையில். அது போக, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பொது நிகழ்ச்சியும் நடத்திக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் கிடையாது, உள்ளே போக யாரையும் தெரிந்திருக்கவும் வேண்டாம். புதிதாக இங்கே குடிவந்து, வீட்டு முன்பணம், கரண்டு டெபாசிட் என்று கட்டி முடித்துக் கை காய்ந்திருக்கும் முதல் சில மாதங்களில், ஞாயிற்றுக்கிழமையை மாலில் கழிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எவையெவை என்று வேகமாகச் சொல்லிவிடலாம். ஞாயிறு காலையில் நகர மையத்தில் சில சாலைகளை 7 மணியிலிருந்து 9 மணிவரை மூடி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டுவிடுவார்கள். பெரிய ஊர்வலமோ மாரத்தானோ இருக்கும் வாரம் இது நடக்காது, அதனால் முதல் நாள் இரவே அவர்களுடைய முகநூல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். 1974-இல் அந்த நாளில்தான் கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து நேரடியாக மத்திய அரசின் கீழ் வந்தது. அன்று இங்கே விடுமுறை, அதையொட்டி நிகழ்ச்சிகளும் இருக்கும். 1957-இல் பிரிட்டிஷ் கொடி இறங்கிய திடலான டத்தாரான் மெர்டேக்காவில் ஆகஸ்ட் 30 இரவு கூட்டம் அலைமோதும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி சமயங்களில், வருபவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் பொது உபசரிப்பு உண்டு. நிகழ்ச்சி எதுவும் இல்லாத வாரத்துக்கு 1888-இல் தொடங்கிய பெர்டானா தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை.

சுவரொட்டிகள் மலாயில்தான் இருக்கும். 'பெர்ச்சுமா' என்றிருந்தால் இலவசம். 'வார்கானெகாரா சஹாஜா' என்றிருந்தால் குடிமக்களுக்கு மட்டும். அதிர்ஷ்டக் குலுக்கல், இலவசச் சட்டை, மருத்துவப் பரிசோதனை போன்றவற்றில் இந்த இரண்டாவது வரி பொடி எழுத்தில் கீழே ஒளிந்திருக்கும். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு "ஐசி இருக்கா?" என்று குடிமக்களின் அடையாள அட்டையைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் சண்டை போடாதீர்கள், மேசையில் இருக்கும் பிள்ளைக்கு அதை மாற்றும் அதிகாரம் இல்லை. நகருக்குள் ஓடும் கோகேஎல் பேருந்தும் அப்படித்தான். அடையாள அட்டை உள்ள குடிமக்களுக்கு இலவசம், நமக்கு 1 ரிங்கிட்.

அழைப்பிதழில் 10 மணி என்று போட்டிருந்தால் சாப்பாடு 10 மணிக்கு என்று அர்த்தமில்லை. மேயரோ அமைச்சரோ வந்து, தேசிய கீதமான நெகாராகூ பாடி, துவா ஓதி, உரைகள் முடிந்த பிறகுதான் பந்தி திறக்கும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இட்லி கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நெகாராகூ ஒலிக்கும்போது எழுந்து அசையாமல் நிற்க வேண்டும். 1968-ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டப்படி அவமதிப்பு குற்றம். பாட்டு முடியும்வரை செல்பியும் வேண்டாம். சாப்பாடு ஹலாலாக இருக்கும், பெரும்பாலும் ஓரமாக ஒரு சைவ மேசையும் இருக்கும். தட்டில் வாங்கிச் சாப்பிடலாம். டப்பா கொண்டுபோய் அள்ளி வருவதை இங்கே 'தபாவ்' என்பார்கள். உணவுக்கடையில் அது சாதாரணம், பொது உபசரிப்பில் முகம் சுளிப்பார்கள். நம்மவர்கள் சிலர் இதைக் கேட்பதே இல்லை.

இனி, இதையெல்லாம் எழுத வைத்த விஷயம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் கூடாரக் கடைகள் வரிசையாக முளைத்திருக்கும். முறுக்கு, சேலை, வளையல், மருதாணி. பார்த்ததும் புதிதாக வந்த பலருக்கு, அதுவும் கணவர் வேலைக்குப் போய் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு, ஒரு எண்ணம் வரும்: நம் கை முறுக்குக்கு இது ஈடாகுமா, நாமும் ஒரு மேசை போட்டால் என்ன? நிகழ்ச்சி எல்லாருக்கும் பொது, நுழைவும் இலவசம், கடைக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் வாடகை இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் தரகர் வருவார். நம் தமிழிலேயே பேசுவார். "அக்கா, லோட் ஒன்னு காலியா இருக்கு. லைசென்சு நம்ம பேருல. நீங்க வந்து ஒக்காந்தா போதும்லா." லோட் என்றால் கடை போடும் இடம். வாட்ஸ்அப்பில் கட்டம் கட்டமாக எண் போட்ட ஒரு வரைபடம் வரும். சில ஆயிரம் ரிங்கிட் முன்பணம், இன்றைக்கே அனுப்பினால்தான் இடம் நிற்கும் என்பார்.

அந்தப் பணம் போனால் போனதுதான். காரணம் ஒன்றல்ல. சந்தை லோட்டுக்கு மாநகர் மன்றம் தரும் உரிமம் மலேசியக் குடிமக்களுக்கானது, விண்ணப்பித்தவர் பெயரில் மட்டுமே செல்லும். அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதே மீறல், கண்டுபிடித்தால் உரிமம் ரத்து. ஆகவே தரகர் உண்மையிலேயே லோட் வைத்திருந்தாலும் உங்களுக்கு அதில் எந்த உரிமையும் வராது. வைத்திருக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே லோட்டை இரண்டு மூன்று பேரிடம் விற்பது இதில் பழைய வித்தை. சாமான்களோடு போய் இறங்கும் காலையில்தான் எல்லாருக்கும் தெரியவரும்.

"எஸ்எஸ்எம்-இல் ஒரு கடைப்பெயர் பதிந்துவிட்டால் சரியாகிவிடும்" என்று அடுத்த யோசனை சொல்வார்கள். எஸ்எஸ்எம் என்பது வணிகங்களைப் பதியும் அரசு ஆணையம். தனிநபர் வணிகம் பதிய மலேசியக் குடியுரிமையோ நிரந்தர வசிப்பிடத் தகுதியோ வேண்டும். எனவே அதுவும் தரகர் பெயரில்தான் போகும். பணம் உங்களுடையது, பெயர் அவருடையது, பிடிபடுவது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்.

பிடிபடுவது எப்படி நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீருடையில் நாலைந்து அமலாக்க அதிகாரிகள் வருவார்கள். கூடாரக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தொங்கும் உரிமத் தாளைத்தான் முதலில் பார்ப்பார்கள், உங்கள் முகத்தை அல்ல. "லெசென் மானா? ஐசி?" (உரிமம் எங்கே, அடையாள அட்டை எங்கே) என்பார்கள். தாளில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாளமும் பொருந்தாவிட்டால் பேச்சு முடிந்தது. மேசை, தராசு, சரக்கு எல்லாம் லாரியில் ஏறும். எடுத்தவற்றுக்கு ஒரு பட்டியல் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் சரக்கு திரும்பி வரும் என்று நம்பாதீர்கள். இங்கே மாமூல் பழக்கத்தை எடுத்துவிடாதீர்கள். கொடுப்பவரும் குற்றவாளிதான், 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இருவரையும் பிடிக்கும்.

சரக்கு போனதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. சில சோதனைகளுக்குக் குடிநுழைவுத் துறையும் சேர்ந்து வரும். இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் சார்ந்திருப்போர் பாஸில் இருப்பவர் வியாபாரம் செய்வது பாஸ் நிபந்தனையை மீறுவது; 1963-ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதிகளில் 39-ஆவது விதி இதற்குத்தான். பாஸ் ரத்தாகி ஊருக்கு அனுப்பப்படலாம். மாணவர் பாஸ் வைத்திருக்கும் தம்பிகளும் கவனிக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில், அனுமதி வாங்கி, வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது உணவகம், மினிமார்க்கெட் போன்ற சில இடங்களுக்கு மட்டும். சந்தைக் கடை அதில் வராது. "நான் சும்மா உதவிக்கு நின்றேன்" என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள். கல்லாவில் கை வைத்திருந்தால் அது வேலைதான்.

முறையாக உரிமம் வாங்கிய உள்ளூர்க்காரர்களுக்கே வேலை எளிதல்ல என்பதையும் பாருங்கள். உணவுக் கடையில் நிற்கும் ஒவ்வொருவரும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அது 3 ஆண்டுக்குத்தான் செல்லும். சுகாதார அமைச்சு ஒப்புதல் பெற்ற பள்ளியில் உணவு கையாளுவோர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், சுமார் 3 மணி நேரம். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி இவை இல்லாவிட்டால் 10,000 ரிங்கிட்வரை அபராதமோ 2 ஆண்டுவரை சிறையோ விதிக்கலாம். ஊசிச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் தரகரை அந்த ஒன்றை வைத்தே எடைபோடலாம்.

இத்தனைக்கும் பிறகு யாராவது லோட் என்று பேசினால், உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். பெயர், லோட் எண், விற்கும் பொருள், தேதி நாலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் மாநகர் மன்றத்துக்கே போகும், அதிகாரபூர்வ ரசீது வரும். தனியாள் வங்கிக் கணக்கு எண் வந்தால் அது மாநகர் மன்றக் கட்டணம் அல்ல. அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். காட்டாவிட்டால் நல்லவர் என்று அர்த்தமில்லை, இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவே.

பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் வாய்ப்பு. பிறகு போலீஸ் நிலையத்தில் புகார். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், தரகர் அழிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்துப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. தரகருக்கு வேண்டியதும் அந்த ஒரு வாரம்தான்.

கைத்திறனைக் காட்டியே தீர வேண்டும் என்றால் கோயிலிலோ சங்கத்திலோ கேளுங்கள். கோலப் போட்டி, அன்னதானச் சமையல் என்று கை தேவைப்படும் இடம் நிறைய. காசு வாங்காமல் செய்யுங்கள். மேடையில் பாடவோ ஆடவோ அழைத்தால், வெளிநாட்டுக் கலைஞருக்கான புஸ்பால் அனுமதி தேவையா, யார் எடுப்பது என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சில சங்கதிகள். எங்கே போனாலும் அசல் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கையில் இருக்கட்டும், நகல் சில சமயம் எடுபடாது. மாலை மழை இங்கே சொல்லாமல் வரும், ஜிப் வைத்த நீர் புகாத உறையில் போடுங்கள். முதலாளி கடப்பிதழை வாங்கி வைத்திருந்தால் அது 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி தவறு, கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்து, திடலில் கூட்டம் கூடியிருக்கிறதே என்று எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். அது மாநகர் மன்ற நிகழ்ச்சியா, கோரிக்கைப் பேரணியா என்று கொடியையும் பதாகையையும் பார்த்தாலே தெரியும். 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டப்படி குடிமக்கள் அல்லாதவர்கள் பேரணியில் கலந்துகொள்ளக் கூடாது, 10,000 ரிங்கிட்வரை அபராதம். தைப்பூச ஊர்வலம் போன்ற சமய நிகழ்வுகள் வேறு.

டத்தாரான் மெர்டேக்கா நிகழ்ச்சிகளுக்குக் காரை எடுக்காதீர்கள். சாலையை மூடிவிட்டால் வெளியே எடுக்க முடியாது, தவறான இடத்தில் விட்டால் இழுத்துச் சென்றுவிடுவார்கள். எல்ஆர்டி ரயிலில் போய் மஸ்ஜித் ஜமேக்கில் இறங்கி நடக்கும் தூரம்தான். திரும்பும்போது மட்டும் அதே நிலையத்துக்குப் போகாதீர்கள், படிக்கட்டுவரை கூட்டம் அடைத்து நிற்கும். கிளானா ஜெயா வழிக்குப் பசார் செனி, அம்பாங் வழிக்கு பண்டாராயா, இரண்டுமே ஒரு நிலையம் தள்ளித்தான். டச் அண்ட் கோ என்ற பயண அட்டையில் திரும்பி வரும் காசையும் காலையிலேயே ஏற்றிவிடுங்கள், இரவில் அந்த இயந்திரத்துக்கு முன்னால் தனியாக ஒரு வரிசை நிற்கும்.