ஜெர்மனியில் ஆராய்ச்சியோடு எம்.எஸ்சி. இயற்பியல்: நம்மூர் மார்க் ஷீட்டை வைத்து விண்ணப்பிப்பது எப்படி?

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட், ஐஇஎல்டிஎஸ் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டு வெளியே வந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

1. படிப்பின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

மொத்தம் 2 வருஷம், 120 கிரெடிட். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால் முதல் வருஷம் பாடங்கள். இரண்டாம் வருஷம் முழுக்க ஆராய்ச்சி: துறை சார்ந்த ஆழ்ந்த படிப்புக்கு 15, முறைகளும் திட்டமிடலும் 15, ஆய்வேட்டுக்கு 30. ஒரு வருஷம் முழுவதும் ஒரே ஆய்வுக்குழுவில், ஒரே கேள்வியோடு உட்காரலாம். எனக்கு அதற்காகத்தான் இத்தனை பாடும்.

விண்ணப்பிக்கும்போதே பேராசிரியரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. அங்கே போய், முதல் வருஷத்தில் நாலு குழுக்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஜெர்மனியிலும் பி.எஸ்சி. பொதுவாக 3 வருஷம்தான். அதனால் நம் மூன்று வருஷப் பட்டத்தை நினைத்துத் தயங்காதீர்கள்.

2. ஏபிஎஸ் சான்றிதழ்

நம் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துத் தரும் சான்றிதழ் இது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

3. மதிப்பெண்ணை மாற்றும் கணக்கு

இங்கேதான் எனக்கு ஒரு வருஷம் போனது. ஜெர்மனியில் 1.0 உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சி. எண் குறையக் குறைய நல்லது. 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்:

1 + 3 × (அதிகபட்சம் − உங்கள் மதிப்பெண்) ÷ (அதிகபட்சம் − தேர்ச்சி மதிப்பெண்)

நான் வாங்கியது 72. ஒரு கன்சல்டன்சியில் தேர்ச்சி மதிப்பெண்ணை 50 என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள்: 3 × 28 ÷ 50, அதோடு 1. விடை 2.68. நான் விரும்பிய படிப்புக்கு 2.5 வேண்டும். 'உனக்குக் கிடைக்காதுப்பா' என்று சொல்லிவிட்டார்கள், நானும் நம்பி விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம்மூரில் 50 என்பது பெரும்பாலும் முதுநிலைக்கான தேர்ச்சி மதிப்பெண், இளநிலைக்கு 40. 3 × 28 ÷ 60, அதோடு 1 என்றால் 2.4. என் மதிப்பெண்ணில் குறையே இருக்கவில்லை. தயவுசெய்து இந்தக் கணக்கை உங்கள் கையால் போடுங்கள், யாரிடமும் விடாதீர்கள்.

4. பாடப் பட்டியல்

பல இடங்களில் கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், எலெக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம் மெக்கானிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ் நான்கும் படித்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள். நம் சிலபஸில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், அலைடு கணிதம், அலைடு வேதியியல் எல்லாம் இருக்கும். அதனால் இயற்பியல் கிரெடிட் குறைவாகத் தெரியும். போதாததற்கு ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ் தனிப் பேப்பராக இல்லாமல், 'வெப்ப இயற்பியல்' பேப்பரின் கடைசி யூனிட்டில் இருக்கலாம். மேக்ஸ்வெல் சமன்பாடுகள் மின்னியல் பேப்பருக்குள் இருக்கும். பேப்பரின் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இவை கண்ணில் படாது.

அதனால் யூனிட் வாரியாக ஓர் அட்டவணை போடுங்கள்: அவர்கள் கேட்கும் பாடம், நம் பேப்பர், யூனிட் எண், நடத்திய தலைப்புகள், வகுப்பு நேரம், சிலபஸில் எந்தப் பக்கம். அலைடு கணிதத்தையும் லேப் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள், அவையும் கணக்கில் வரும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் போட்டு பிடிஎஃப் ஆக்கினேன். லேட்டெக் (ஆய்வுக் கட்டுரைகளை வடிவமைக்கும் மென்பொருள்) தெரிந்தால் இன்னும் நல்லது, பக்கம் மாறினாலும் அட்டவணை கலையாது. வேர்டில் எனக்கு ஒவ்வொரு முறையும் கட்டங்கள் நகர்ந்துவிட்டன, அதனால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

5. பணம்

முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்: வாழ்க்கைச் செலவுக்கு முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. கட்டணம் இல்லாத மாநிலங்களில் உள்ள பல்கலைக்கழகங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: 'என் மார்க் ஷீட்டில் பகுதி வாரியாகத்தான் சிஜிபிஏ இருக்கிறது, மொத்தம் இல்லை. தேர்ச்சி மதிப்பெண்ணும் அச்சாகவில்லை' என்று இருவர் எழுதியிருந்தார்கள். கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, மொத்த சிஜிபிஏ, அதிகபட்சம், தேர்ச்சி மதிப்பெண் மூன்றும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள். ஒருவருக்கு அது மங்கலாக இருந்ததால் இரண்டாம் முறை ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.